வாரத்துக்கு ரெண்டு தடவை

பழைய வேட்டியின் நுனியைப் பல்லால் கடித்துப் பிளந்து, இரண்டு கையாலும் சர்ரென்று கிழித்தாள் வள்ளித்தாய். நாலு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வந்தது. அதை அவருடைய நாடிக்குக் கீழே கொடுத்து, காதோரமாக மேலே இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. மணி பன்னிரண்டரை. வீட்டில் வேறு யாரும் இல்லை. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்த வாடை வந்த பிறகுதான் அடுப்பை அணைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போய் அணைத்துவிட்டு வந்தாள்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் தண்ணீர் கேட்டிருந்தார். இரண்டு மடக்கு இறங்கியது. மூன்றாவது மடக்கு உதட்டோரமாக வழிந்து தலையணையை நனைத்தது. அவ்வளவுதான். முனகல்கூட இல்லை.

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட இன்னொரு கீற்றுக் கிழித்தாள். பிறகு கைகளை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தாள். வலது கை நடுவிரலில், பேனா உரசி உரசிக் காய்த்துப்போன இடம் பொத்தான் மாதிரி தடித்திருந்தது. அதன் நகக்கண்ணில் கறுப்பு மை. வரைவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியும் போகாத மை. முந்தானையை நனைத்து ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

கொல்லைப்புறம் போய் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

“பேபி, ஒரு எட்டு வாரியா?”

பக்கத்து வீட்டுப் பேபி கையில் தோசைக்கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “என்னக்கா? அண்ணாச்சி சாப்ட்டாச்சா?”

“அவிய போய்ட்டாவ.”

பேபி கரண்டியைப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கத்திய கத்தலில்தான் தெரு கூடியது. வள்ளித்தாய் அழவில்லை. ஓசூரில் இருக்கும் மகன் லிங்கராஜுக்குத் தானே போன் போட்டாள். “ஏலே, அப்பா போய்ட்டாவல. பதறாம வா. பஸ்ஸுல ஒழுங்கா உக்காந்து வா” என்றாள்.

சாயங்காலத்துக்குள் வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வந்து, தெருமுனை வரைக்கும் நாற்காலி போட வேண்டியதாயிற்று. கோவில்பட்டியில் இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பது அந்தத் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நவநீதகிருஷ்ணன் என்றால் யாருக்கும் தெரியாது. ‘நவநீ’ என்று சொன்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எவரும் “அட, அவரா!” என்பார்கள். முப்பத்தாறு வருஷம் நாளிதழின் முதல் பக்கத்தில், வலது ஓரத்தில், உள்ளங்கை அகலக் கட்டத்துக்குள் தினமும் ஒரு படம். ஊரில் பாதிப்பேர் பேப்பரைக் கையில் வாங்கியதும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கடம்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அச்சாபீஸில் தீப்பெட்டி லேபிளுக்கு மயிலும் கப்பலும் வரைந்துகொண்டிருந்தவர். மின்வெட்டைக் கேலி செய்து ஒரு படம் போட்டு மதுரைக்கு அனுப்பினார். மறுவாரம் பத்திரிகையிலிருந்து ஆள் வந்தது. மதுரைக்கே வந்துவிடும்படி எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். “அங்கன வந்தா இங்கன சனங்க பேசுதது எனக்குக் காதுல விழாது” என்று சொல்லிவிட்டார். காலையில் பருத்தி மார்க்கெட், டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தால் நாலரைக்கு எழுந்திருப்பார். படத்தைப் பழுப்புக் கவரில் போட்டு, சைக்கிளில் கொண்டுபோய், ஐந்து மணி மதுரை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரை பூத்திலிருந்து போனில் சொல்லிவிடுவார். மதுரையில் தங்கசாமி என்கிற உதவி ஆசிரியர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொள்வார். பிற்காலத்தில் பேக்ஸ் வந்தது, ஸ்கேன் வந்தது. நாலரை மணிக் கணக்கு மட்டும் மாறவில்லை.

அவர்மீது இரண்டு மானநஷ்ட வழக்கு நடந்தது. இரண்டுக்கும் திருநெல்வேலி கோர்ட்டுக்குக் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்வந்தார். அதில் ஒரு வழக்குப் போட்டவர், முன்னாள் அமைச்சர், ஏழு மணிவாக்கில் ஆள் உயர மாலையோடு வந்து இறங்கினார். மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தவர், “எம் மூக்கு இம்புட்டுப் பெருசுன்னு இவரு வரையுத வரைக்கும் எனக்கே தெரியாதுய்யா. இப்பவும் கார்ல கண்ணாடியப் பாத்துட்டுத்தான் எறங்குனேன்” என்றார். சாவு வீடு என்பதை மறந்து நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கேஸெல்லாம் அந்தக் கோவத்துல போட்டது. ஆனா என்ன இருந்தாலும் அந்த ரோட்டுல செடி நட்ட படம் இருக்கே, அது மாதிரி ஒண்ணு இனிமே எவன் போடப்போறான்?”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். வெளியே ஒவ்வொருவராக அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம். மழை பொய்த்து, கரிசலெல்லாம் வாய் பிளந்து கிடந்த வருஷம். மூத்தவள் சுதாராணிக்கு அப்போது எட்டு வயது. அரைப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். நாலாம் நாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை அடங்கிவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்குள் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

குழி மூடிவிட்டு வந்தவர் குளித்தார். தலையைக்கூடத் துவட்டவில்லை. இரண்டு மணிக்கு மேஜையில் போய் உட்கார்ந்தார்.

நாலு வயது லிங்கராஜை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த வள்ளித்தாய்க்கு அவர் முதுகு தெரிந்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பேனா முள் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது. பசுவந்தனையிலிருந்து வந்திருந்த அவளுடைய சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “என்ன மனுசன்டி இவன்?” என்று அவள் பெரியம்மை வாய்விட்டே கேட்டாள். பேனா நிற்கவில்லை. நாலரைக்கு எழுந்து, கவரை ஒட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்து நாடே சிரித்தது. டீக்கடைகளில் வெட்டி ஒட்டி வைத்தார்கள். டெல்லியில் பரிசு கொடுத்தார்கள். தனியாகப் போய் வாங்கி வந்தார்.

அவள் சண்டை போடவில்லை. சோறு பொங்கினாள், போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். காலையில் பேப்பர் விழுந்ததும், முதல் பக்கம் உள்ளே போகும்படி மடித்து அவர் மேஜையில் வைத்துவிடுவாள். அன்றிலிருந்து அவர் போட்ட எந்தப் படத்தையும் அவள் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி அவரும் வீட்டில் வாய் திறந்ததில்லை. வந்தவர்கள் யாராவது ஆரம்பித்தால், “சரி, காப்பி குடிங்க” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

லிங்கராஜ் விடியற்காலையில் வந்து சேர்ந்தான். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதான். ஆறரைக்குப் பேப்பர் வந்தது. ஒரு கட்டாகவே வந்தது. பத்திரிகைக்காரர்களே நூறு பிரதி அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கத்தில் பாதி இடத்தை நவநீயின் போட்டோவும் செய்தியும் எடுத்திருந்தன. அதற்குக் கீழே, பெரிதாக, அந்தப் படம்.

“நாந்தாம்மா போடச் சொன்னேன்” என்றான் லிங்கராஜ். “பஸ்ஸுல வரும்போது போன் பண்ணி எந்தப் படம் போடணும்னு கேட்டாங்க. அப்பா பேரச் சொன்னா எல்லாரும் இதத்தான சொல்லுதாங்க.”

வள்ளித்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களின் கைகளில் எல்லாம் பேப்பர். ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரிந்தது. ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவருக்குத் தோள் குலுங்கியது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பந்தலே குனிந்து உட்கார்ந்திருந்தது.

எட்டரை மணிக்குத் தங்கசாமி வந்தார். மதுரையில் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். ஐஸ் பெட்டிக்கு மேலே கையை வைத்தார். பிறகு கைத்தடியை ஊன்றி மெதுவாக அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“மதினி, இந்தப் படத்த ஏன் போட்டாங்க? நான் மட்டும் ஆபீஸ்ல இருந்திருந்தா போட விட்டிருக்க மாட்டேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை பேரில் அது என்றைக்கு வரைந்த படம் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

“அன்னைக்கும் பூத்துல இருந்து பேசுனாரு. பஸ் நம்பரச் சொன்னாரு, வச்சுட்டாரு. ஒரு வார்த்த கூட இல்ல” என்றார் தங்கசாமி. “நாலு நாள் கழிச்சுத்தான் எனக்குச் சேதியே தெரியும். ஓடி வந்தேன். நீங்க உள்ள படுத்திருந்தீங்க. வாசல்ல வச்சு அவரத் திட்டுனேன். ஏன்யா, சொல்லியிருந்தா பழைய படம் ஒண்ணப் போட்டிருப்போம்ல, இல்லன்னா இடத்தக் காலியா விட்டிருப்போம்லன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாவ?”

“காலியா விட்டா ஏன்னு கேப்பீங்க. அதுக்கு நான் வாயத் தொறந்து, எம் பிள்ள செத்துப்போச்சுன்னு சொல்லணும். அந்த வார்த்தைய என்னால சொல்ல முடியலண்ணே. படம் போடுதது அதவிட லேசா இருந்துச்சுன்னாரு.”

தங்கசாமி மூக்கை உறிஞ்சினார். “வீட்ல சொன்னியாய்யான்னேன். இன்னும் சொல்லல, சொல்லணும்னாரு. அப்புறம் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்.”

முதலில் வள்ளித்தாய்க்குக் கோபம்தான் வந்தது. மதுரைக்காரரிடம் சொல்லத் தெரிந்ததை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லத் தெரியவில்லையா? அடுத்த நிமிஷமே, போன ஆவணி மாதத்து மத்தியானம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவள் கீழே உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். “வள்ளி” என்றார். “அன்னைக்குச் சுதா...”

பிள்ளையின் பெயர் அந்த வீட்டில் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் கேட்டது. அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “மோட்டரப் போட்டுட்டு மறந்துட்டேன். டேங்க் வழிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் ஆனதென்றே தெரியாமல் இருந்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவர் அதே மாதிரி சாய்ந்திருந்தார். வியர்வையில் பனியன் நனைந்திருந்தது. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி ஓடாமல் நின்றுகொண்டிருந்தது.

“டேங்க் நெறஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

“ம்” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இதோடு சேர்ந்து இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பேனாச் சத்தத்தை இத்தனை வருஷமும் நினைவு வைத்திருந்தவள், பிள்ளையைப் புதைத்த அந்த நாளின் இந்த மிச்சத்தை மட்டும் எடுத்துப் பார்த்ததே இல்லை. கவரைக் கொடுக்கப் போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு பரீட்சை அட்டை இருந்தது. புதுசு, கிளிப் வைத்தது. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் பிள்ளை கேட்டது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் கேட்டு வாங்கி, காசைக் கொடுத்து, சைக்கிள் கேரியரில் வைத்து வீடு வரைக்கும் ஓட்டி வந்திருக்கிறார். வாசல்படி ஏறின பிறகுதான் கையில் இருப்பதைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி அங்கேயே நின்றார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“லிங்கம்” என்று கூப்பிட்டாள். “அந்தப் பேப்பரக் கொண்டா. என் கண்ணாடியையும் எடு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேப்பரை மடியில் விரித்தாள்.

அமைச்சர் வறட்சியைப் பார்வையிட வருகிறார். அவர் கார்மீது தூசி பறக்கக் கூடாதென்று முன்னால் ஒரு தண்ணீர் லாரி ரோட்டை நனைத்துக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ரோடு மட்டும் நல்ல ஈரம். சம்சாரிகள் எல்லாரும் வாடின பருத்திச் செடிகளைக் காட்டிலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து, நடு ரோட்டில் வரிசையாக நட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை களைகூட எடுக்க ஆரம்பித்துவிட்டாள். அமைச்சர் கார் செடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. தலைப்பாக் கட்டின ஒரு கிழவர், காதில் சொருகின பீடியோடு, கார் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பணிவாகக் கேட்கிறார்:

‘தொரை வாரத்துக்கு ரெண்டு தடவ வந்துட்டுப் போவீகளா?’

அவளுடைய அய்யா அது. பசுவந்தனையில் அய்யா அப்படித்தான் பீடியைச் சொருகியிருப்பார். தாசில்தார் வந்தாலும் அப்படித்தான் தலையைச் சாய்த்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்பார். மருமகனுக்கும் மாமனாருக்கும் அவ்வளவாகப் பேச்சு வார்த்தை கிடையாது. எங்கே உட்கார்ந்து, எப்போது இந்த மனுஷன் அதைப் பார்த்தார்?

சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்தது. தோள் ஆடியது. கண்ணில் நீர் தளும்பி, கண்ணாடி மங்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த கை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இதை வரைந்திருக்கிறது. அதில் ஒரு கோடு நடுங்கவில்லை. அந்தப் பெண்பிள்ளை களைக்கொத்தைப் பிடித்திருக்கிற பிடிகூடச் சரியாக இருந்தது.

பேபி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “அழுங்கக்கா. இப்பவாச்சும் அழுதீகளே. நேத்துல இருந்து கல்லு மாதிரி இருந்தீகளேக்கா. நல்லா அழுங்க.”

மற்றப் பெண்களும் வந்து கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள். வள்ளித்தாய் அவர்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். கொட்டுச் சத்தம் தெருவை அடைத்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது, அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு அவர் முகத்துக்குக் குனிந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னாலிருந்து யாரோ “சீக்கிரம், சீக்கிரம், மழ பெருசாகுது” என்றார்கள். நாடிக்கட்டு லேசாக நெகிழ்ந்திருந்தது. அதைச் சரிசெய்தாள். அரிசியைப் போட்டாள். அவ்வளவுக்குத்தான் நேரம் இருந்தது. ஊர்தி தெருமுனை திரும்புகிறவரை கொட்டு கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பேபி ஒரு தம்ளர் காப்பியைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

இரண்டு மணி தாண்டி லிங்கராஜ் தனியாக வந்தான். மயானத்துப் பம்புசெட்டில் குளித்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் திரும்பி நடந்த வழியெல்லாம் கரிசல் சேறு. இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேல்வரை அப்பிக்கொண்டு, கறுப்புப் பூட்ஸ் போட்ட மாதிரி இருந்தது. படியேறாமல் வாசலிலேயே நின்றான்.

“தங்கசாமி மாமா வழியில சொன்னாரும்மா.”

வள்ளித்தாய் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்து, அவன் காலில் ஊற்றினாள். கரிசல் அவ்வளவு லேசில் விடாது. கொல்லையிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து, சேற்றை வழிக்க ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அதப் போடச் சொல்லியிருக்க மாட்டேன்.”

“நல்ல படம்ல அது” என்றாள். “அதத்தான் போடணும்.”

விரலிடுக்கில் இறுகியிருந்ததை ஒவ்வொன்றாகக் குச்சியால் நெம்பி எடுத்தாள். பெருவிரல் நகத்துக்குள் புகுந்திருந்ததையும் விடவில்லை. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். குச்சி பட்டதும் காலை இழுத்துக்கொண்டான்.

“ஆடாத” என்றாள் வள்ளித்தாய். இன்னொரு செம்புத் தண்ணீரை அந்தக் காலில் ஊற்றி, உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, காலைக் கீழே விட்டாள்.

“அந்தக் காலையும் நீட்டு.”